புள்ளிக்குப் பதில் காற்புள்ளி

ரௌதா மஸத்தி யாரையும் வெறுத்ததில்லை. வெறுக்கப்படுவதற்குக்கூட ஒரு ஆளிடம் கொஞ்சம் சரக்கு இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அவளிடம் இருந்ததெல்லாம் இளக்காரம்தான். ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் கிரெம்தா சாலை நாலாம் கிலோமீட்டரில், ஒரு மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில் இருந்த கம்பெனியில் அவள் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்தாள். அத்தனை வருடத்தில் அவள் மரியாதையோடு பேசியதாக அலுவலகத்தார் நினைவில் வைத்திருந்தது ஒரே ஒரு ஆளிடம். காப்பி இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்தவன் அவன். திருப்புளியை எடுப்பதற்கு முன்னால் அவன் கையேட்டைப் படித்தான்.

அவளுடைய வகுப்பில் முப்பத்தொரு பேர் பொறியியல் முடித்தார்கள். இருபத்தாறு பேர் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போனார்கள். முதல் மாணவியான ரௌதா போகவில்லை. தாய்நாட்டுப் பற்று என்று சிலர் சொல்லிக்கொண்டார்கள். அவளைக் கேட்டால், "போன இருபத்தாறு பேரையும் எனக்குத் தெரியும். எட்டு மணி நேரம் அவங்களைப் பாக்கறது இங்கேயே தண்டனையாத்தான் இருந்துச்சு. அங்க போயும் பாக்கணுமா?" என்பாள். காலையில் மொபெட்டில் வருவாள். மதியம் மொபெட்டில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்புவாள். தலைக்கவசத்தை மேசைமேல் கவிழ்த்து அதில் பேனாக்களைப் போட்டு வைப்பாள்.

அவள் வேலை கெர்னலோடு. எந்தக் கணினியானாலும் அதன் அடியில் கிடந்து, யாருக்கு எப்போது மின்சாரம், யாருக்கு எப்போது நினைவிடம் என்று பங்கு போடுகிற நிரல் அது. உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்திருக்கிறார்கள். கம்பெனி அதை எடுத்து மீன்பிடிப் படகுகளுக்கான ஒரு சாம்பல் நிற டப்பாவுக்குள் ஏற்றியது. அரை மணிக்கு ஒரு தடவை படகு எங்கே நிற்கிறது என்று டப்பா கரைக்குச் சொல்லும். டப்பா வேலை செய்யாத படகு துறைமுகத்தை விட்டு நகரக் கூடாது.

முதலாளி ஷெட்லி நல்ல மனிதர்தான். அதுதான் அவரிடம் அவளுக்கு இருந்த முதல் குறை. யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதை நம்புவார். ரௌதா இல்லாவிட்டால் கம்பெனி இல்லை என்று அவருக்குத் தெரியும். வாடிக்கையாளர் வரும்போது அவளை உள்ளறையில் இருக்கச் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். ஒருமுறை துறைமுக அதிகாரி ஒருவரிடம் அவள், "நீங்க கேக்கற கேள்விக்குப் பதில் நீங்களே கையெழுத்துப் போட்ட தாளோட ரெண்டாம் பக்கத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே, தொழில்நுட்பத் தலைவர் என்று ஒரு பதவி உண்டாக்கியபோது ஷெட்லி அதை ரௌதாவுக்குக் கொடுக்கவில்லை. பாரிசில் ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்த ஸ்கந்தருக்குக் கொடுத்தார். ஸ்கந்தருக்கு வயது முப்பத்திமூன்று. தாய் தகப்பன் இரண்டு பேருமே ஸ்ஃபாக்ஸ்காரர்கள். இருந்தும் வந்த முதல் நாளே காலணி தூசியானதற்கு ஊரின் மேல் வருத்தப்பட்டான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன ஊர்; எல்லோருடைய கணினியும் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருக்க, அவனுடையது ஆங்கிலத்தில் பேசியது. வீட்டில் குளிர்பதனப் பெட்டியையும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டான் என்றும், அவன் அம்மா அதைத் திறக்கவே பயப்படுகிறாள் என்றும் கணக்குப் பிரிவில் பேசிக்கொண்டார்கள். ரௌதா மட்டும் அவனை 'ஸி ஸ்கந்தர்' என்று அழைத்தாள். தன்னைவிடப் பதிமூன்று வயது சின்னவனுக்கு மரியாதைச் சொல் போட்டு அழைப்பதில் என்ன இருக்கிறது என்பது அவனைத் தவிர எல்லோருக்கும் விளங்கிற்று.

அக்டோபர் மாதம் ஒரு திங்கட்கிழமை கெர்கெனாத் தீவிலிருந்து புராவி வந்தார். படகுத் தலைவர்; எல்லோரும் ரயிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது அறுபதுக்கு மேல். கையில் டப்பா. அதை ஷெட்லியின் மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"எவன்டா இதைச் செஞ்சவன்?"

"ரயிஸ், உட்காருங்க. காப்பி சொல்றேன்," என்றார் ஷெட்லி.

"காப்பி என் வீட்லயும் இருக்கு. கடலுக்குப் போக வழியைச் சொல்லு. பதினோராம் நாளானா இது செத்துப் போகுது. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. என் மாமியார்கூட இவ்வளவு கரெக்டா நாள் பாத்துப் படுத்ததில்ல."

ஸ்கந்தர் எழுந்து நின்று, மின்சக்தி மேலாண்மை அடுக்கில் இரண்டு நிகழ்வுகள் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும் நிலை என்று தொடங்கி, கைகளால் காற்றில் இரண்டு மூன்று பெட்டிகள் வரைந்து காட்டினான். ரயிஸ் கடைசிவரை கேட்டார்.

"இவர் யாரு, டாக்டரா?" என்று ஷெட்லியைக் கேட்டார்.

உள்ளறைக் கதவில் சாய்ந்து நின்ற ரௌதா சொன்னாள். "தூங்கப் போனா எழுந்திரிக்க மாட்டேங்குது, ரயிஸ். பழைய கெர்னல்ல இருக்கிற கோளாறு. புதுசுல சரி பண்ணியிருக்காங்க. புதுசை ஏத்தினா தீரும்."

"இதைச் சொல்ல இவ்வளவு நேரமா? மகளே, அடுத்த திங்கள் ஆக்டோபஸ் சீசன் தொறக்கறாங்க. நாப்பது படகு நிக்குது. எல்லாத்துலயும் இந்தச் சனியன்தான் உட்கார்ந்திருக்கு."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுவோம், ரயிஸ்," என்றான் ஸ்கந்தர். "நானே நேரடியா பாத்துக்கறேன்."

ரௌதா அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

புதிய கெர்னலின் மூலக் கோப்புகளைக் கொண்டுவருவது பெரிய காரியமில்லை. அவற்றையெல்லாம் திரட்டி, மொழிபெயர்ப்பி என்ற நிரலால் கணினி மொழிக்கு மாற்றி, ஒரே நிரலாகக் கட்டி முடிப்பதற்கு அந்தக் கெர்னலோடு கூடவே ஒரு ஸ்கிரிப்ட் வரும். ஆணைகளின் பட்டியல் அது. அதை ஓட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்கந்தர் ஓட்டினான். ஆறு விநாடியில் நின்றது. '9.3: செல்லாத எண்' என்று பிரெஞ்சில் ஒரு வரி. அவ்வளவுதான்.

அவன் இன்னொரு தடவை ஓட்டினான். பிறகு இன்னொரு தடவை. சிலர் மின்தூக்கியின் பொத்தானை அழுத்துகிற மாதிரி. பிறகு தன் மடிக்கணினியில் ஓட்டினான். அதில் தடங்கலில்லாமல் ஓடி முடிந்தது.

"என்னோடதுல ஓடுதே!" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "பிரச்சினை நம்ம மெஷின்லதான். நான் வந்த அன்னிக்கே சொன்னேன், இதெல்லாம் மியூசியத்துல இருக்க வேண்டியதுன்னு."

மடிக்கணினியில் கட்டியதை அப்படியே ஏற்ற முடியாது. டப்பாவுக்குள் போகிற எதுவும் கம்பெனியின் முத்திரைக் கணினியில் கட்டப்பட்டு, அதிலேயே முத்திரை வாங்க வேண்டும் என்று துறைமுகத்தோடு ஒப்பந்தம். ஆகவே ஸ்கந்தர் முத்திரைக் கணினியோடு மல்லுக்கட்டினான். மொழிபெயர்ப்பியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினான். வேறு பதிப்பை நிறுவினான். நினைவகச் சில்லுகளைக் கழற்றித் துடைத்துப் போட்டான். புதன்கிழமை பாரிசிலிருந்த நண்பன் ஒருவனோடு ஒன்றரை மணி நேரம் பேசினான். அவனும் அங்கே ஓடுகிறது என்றானாம்.

ரௌதாவின் மேசை ஆறடி தள்ளி இருந்தது. செவ்வாய்க்கிழமையே அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்தாள். '9.3' என்பது மொழிபெயர்ப்பியின் பதிப்பு எண். அது போதுமான அளவு புதியதா என்று ஸ்கிரிப்ட் சரிபார்க்கிறது. சரிபார்க்க அதை ஒரு எண்ணாக வாசிக்கிறது. அவள் அந்த இடத்தைத் திறந்து பார்த்தாள். புதிய பதிப்பில் புதிதாகச் சேர்த்த வரி. ஆங்கிலத்தில் ஒன்பதுக்கும் மூன்றுக்கும் நடுவில் புள்ளி. பிரெஞ்சில் காற்புள்ளி. பிரெஞ்சில் இயங்கும் கணினிக்கு 9.3 என்பது எண்ணே இல்லை. யாரோ புள்ளி போடுகிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு, உலகம் முழுக்கப் புள்ளிதான் என்று நம்பி எழுதியிருக்கிறான். அவனையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டு கோப்பை மூடினாள். சொல்லவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள், ஸ்கந்தர் நினைவகச் சில்லைத் துடைப்பது நன்றாகத் தெரியும்படி.

வியாழன் மதியம் வீட்டில் சாப்பிடும்போது கணவனிடம் அதை நடித்துக் காட்டினாள். அவள் கணவன் மஹ்ரெஸ் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். சிரிக்கத் தெரிந்தவன். சில்லைச் சட்டை நுனியால் துடைத்ததைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டான்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சது?"

"செவ்வாய்க்கிழமை. பத்து இருபதுக்கு."

"இன்னிக்கு வியாழன்."

"அவன் என்னைக் கேக்கலையே."

"சரி," என்று மஹ்ரெஸ் ரொட்டியைக் குழம்பில் தொட்டான். "அந்த ரயிஸ் கேட்டாரே?"

ரௌதா மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். தன்னைப் பற்றி அவளுக்கு இருந்த ஒரே நல்ல அபிப்பிராயம், தான் வேலையைத் தெரிந்தவள் என்பது. இரண்டரை நாளாகத் தெரிந்த வேலையைச் செய்யாமல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது அந்த அபிப்பிராயத்தோடு பொருந்தவில்லை. ஸ்கந்தரைப் பார்க்கும் கண்ணாலேயே ஒரு நொடி தன்னைப் பார்த்தாள். பிடிக்கவில்லை. பழம் நறுக்கப் போன மஹ்ரெஸ் திரும்பி வருவதற்குள் மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது.

"தள்ளி உட்காருங்க, ஸி ஸ்கந்தர்."

அவன் தள்ளினான். அவள் நின்றபடியே தட்டினாள். எண்ணை வாசிக்கும் வரிக்கு முன்னால் ஒரே ஒரு வரி: இந்த இடத்தில் மட்டும் எந்த நாட்டுப் பழக்கமும் வேண்டாம், வெற்று வழக்கத்தில் வாசி. ஓட்டினாள். ஆறு விநாடி தாண்டியது. திரையில் கோப்புப் பெயர்கள் மழை மாதிரி இறங்க ஆரம்பித்தன.

"என்ன பண்ணீங்க?"

"புள்ளி. காற்புள்ளி." அவள் அதற்குமேல் ஒரு சொல் செலவழிக்க விரும்பவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் செலவழிக்க வேண்டியிருந்தது. "உங்க லேப்டாப் இங்கிலீஷ். பாரிஸ் நண்பரும் உங்களை மாதிரிதான் போலிருக்கு. இந்த மெஷின் நம்ம ஊர் மெஷின். 9.3 இதுக்கு நம்பர் இல்ல."

"அதை மெசேஜ்லயே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கு. 'செல்லாத எண்'ணு சொல்லியிருக்கு. மூணு நாளா சொல்லுது."

வெள்ளிக்கிழமை முத்திரை விழுந்தது. சனி, ஞாயிறில் நாற்பது டப்பாக்களும் மாறின. திங்கட்கிழமை படகுகள் போயின. பன்னிரண்டாம் நாள் ரயிஸ் தொலைபேசியில் கூப்பிட்டு, "சாகல" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

இப்படி ஒரு பிழையைத் திருத்தினால் அதைத் தங்களோடு வைத்துக்கொள்ளாமல் மேலே, கெர்னலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்புவது முறை. அடுத்த பதிப்பில் சேர்ப்பார்கள், எழுதியவர் பெயரோடு. ரௌதா காரணங்களை ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்தாள். ஆனால் அனுப்பத் தாமதித்தாள். அந்தப் பகுதியைப் பராமரிப்பவர் ஹென்னிங் என்று வடக்கே குளிரில் எங்கோ இருக்கிற ஒரு ஆள். அவர் மற்றவர்களுக்கு எழுதும் பதில்களை எல்லோரும் படிக்கும் பொது மின்னஞ்சல் பட்டியலில் அவள் படித்திருக்கிறாள். கடித்துத் துப்புகிற ஆள். அவரோடு மல்லாடுவதை நினைத்தால் அலுப்பாக இருந்தது.

"கொடுங்க, மதாம் ரௌதா, நான் அனுப்பிடறேன்," என்றான் ஸ்கந்தர். "உங்களுக்கு எதுக்கு அந்தத் தொல்லை?"

கொடுத்தாள். தபால் ஒட்டுகிற வேலைக்கு அவன் தகுதியானவன்தான் என்று நினைத்தாள்.

பிப்ரவரியில் ஒருநாள் சாப்பாட்டு அறையில் பக்லாவா இனிப்புத் தட்டு வைத்திருந்தது. ஷெட்லி எல்லோரையும் கூப்பிட்டார். உலகம் முழுக்கப் பயன்படுகிற கெர்னலில் நம் கம்பெனி ஆள் ஒருவர் எழுதிய திருத்தம் ஏறியிருக்கிறது, ஸ்ஃபாக்ஸுக்கே பெருமை என்று பேசினார். கை தட்டினார்கள். ஸ்கந்தர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான்.

ரௌதா ஒரு பக்லாவாவை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனாள். கெர்னல் திருத்தங்களின் பொதுப்பதிவைத் திறந்தாள். எழுதியவர்: ஸ்கந்தர். விளக்கம் அவள் எழுதிய பக்கம், மூன்று எழுத்துப்பிழை புதிதாகச் சேர்ந்து. இதைப் பார்த்து அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் அடுத்து வந்தது, திருத்த வரியைப் பார்த்தபோது. அவன் அதை மாற்றியிருந்தான்.

ஒரு கணினியில் மொழிப் பழக்கங்களுக்கு வீட்டு மின்சாரம் மாதிரி ஏற்பாடு. எண்ணுக்கு ஒரு சுவிட்ச், தேதிக்கு ஒரு சுவிட்ச் என்று அறை அறையாக உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மெயின் சுவிட்ச். மெயினில் பிரெஞ்சு என்று வைத்துவிட்டால் அறைச் சுவிட்ச்சை எப்படிப் போட்டாலும் பிரெஞ்சுதான். ரௌதா மெயினைத் தொட்டிருந்தாள். ஸ்கந்தர் அதை நீக்கிவிட்டு எண்ணின் சுவிட்ச்சை மட்டும் தொட்டிருந்தான். கச்சிதமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பான். தன் கை பட்டதாக ஏதாவது இருக்க வேண்டும் என்றும் நினைத்திருக்கலாம். திருடியதைக்கூட உடைக்காமல் எடுத்துப்போகத் தெரியாத ஆள் என்று ரௌதா முடிவு கட்டினாள்.

கை கழுவிவிட்டுச் சாப்பாட்டு அறைக்குத் திரும்பினாள்.

"ஸி ஷெட்லி, அது நான் எழுதினது."

ஸ்கந்தர்தான் முதலில் பேசினான். "மதாம், இது டீம் வொர்க். கம்பெனி பேர்லதானே போயிருக்கு."

"டீம்னா ரெண்டு பேர் இருக்கும். அங்க ஒரு பேர்தான் இருக்கு."

"அட ரௌதா," என்று ஷெட்லி அவள் தோளுக்குப் பக்கத்தில் கையை வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டார். "ஒரு வரிக்குப் போயா?"

அவள் அவரை விட்டுவிட்டு ஸ்கந்தரிடம் திரும்பினாள். "ஒரு வரிதான். அதையும் மாத்தியிருக்கீங்க. மெயின்ல பிரெஞ்சு வெச்ச மெஷின்ல இது உடையும்."

"ரொம்ப யோசிக்கிறீங்க, மதாம். ஹென்னிங்கே ஏத்துக்கிட்டார்."

"அவர் ஊர்ல யாரும் மெயின்ல பிரெஞ்சு வெச்சிருக்க மாட்டாங்க."

"நம்ம மெஷின்லயும் ஓடுதே. டெஸ்ட் பண்ணிட்டேன்." அதுவும் உண்மைதான். பழைய முத்திரைக் கணினியில் மெயினில் ஒன்றும் வைக்கவில்லை. அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். சொல்ல வேண்டியதைச் சாட்சிகளோடு சொல்லியாகிவிட்டது. அந்த வாரமே ஸ்கந்தர், மேலேயே திருத்தம் ஏறிவிட்டது, இங்கே தனியாக வைத்திருப்பானேன் என்று கம்பெனிப் பிரதியில் இருந்த அவள் வரியையும் அழித்தான்.

மே மாதம் இரண்டு காரியம் ஒன்றாக நடந்தன. கெர்னலின் அடுத்த பதிப்பு வந்தது. ஸ்கந்தர் ஓயாமல் கேட்ட புதிய முத்திரைக் கணினியும் வந்தது. அதை நிறுவ வந்தவன் ஒழுங்கான ஆள். எல்லாம் பிரெஞ்சில் இருக்கட்டும் என்று மெயினிலேயே வைத்துவிட்டுப் போனான். திங்கட்கிழமை ஸ்கந்தர் ஸ்கிரிப்டை ஓட்டினான். ஆறு விநாடி. புதிய கணினி என்பதால் நான்கு விநாடி. '9.3: செல்லாத எண்.'

இந்த முறை ரௌதா நாற்காலியைத் திருப்பவில்லை. எழுந்து வந்தாள். தன் பழைய வரியை அதன் இடத்தில் போட்டாள். ஓட்டினாள். கோப்புப் பெயர்கள் இறங்கத் தொடங்கின. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்கந்தர் ஒரு கையில் காப்பியோடு பக்கத்தில் நின்றான்.

"நன்றி, மதாம்," என்றான் மெல்ல.

"உங்களுக்காக இல்ல. படகு நிக்கும்."

ஆனால் விஷயம் கிரெம்தா சாலையோடு நிற்கவில்லை. காற்புள்ளி போடுகிற ஊர்கள் உலகில் பாதி. பிரேசிலிலிருந்து ஒருவர், போலந்திலிருந்து இரண்டு பேர், துருக்கியிலிருந்து ஒரு பெண், இன்னும் யார் யாரோ பொதுப்பட்டியலில் எழுதினார்கள்: கெர்னல் கட்ட முடியவில்லை, சில விநாடியில் நிற்கிறது. எல்லாக் கைகளும் ஒரே வரியைக் காட்டின. வரியின் மேல் ஒரே பெயர். ஹென்னிங் ஸ்கந்தருக்குக் கேள்வி அனுப்பினார். இந்த வரியை ஏன் இப்படி எழுதினாய், மெயினை ஏன் விட்டாய், விளக்கத்தில் ஒன்றும் திருத்தத்தில் வேறொன்றும் ஏன் இருக்கிறது? மூன்று கேள்வி. ஊரார் பார்க்கும் இடத்தில்.

ஸ்கந்தர் ஐந்து நாள் பதில் எழுதவில்லை. எழுத அவனிடம் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் ரௌதாவின் மேசைக்கு வந்து, அந்த மெயின் விவகாரத்தை ஒருமுறை விளக்க முடியுமா என்று கேட்டான். விளக்கினாள். அவன் தலையாட்டிய விதத்தில் ஏறவில்லை என்று தெரிந்தது. மறுபடி விளக்கவில்லை.

ஆறாம் நாள் அவள் தன் திருத்தத்தைத் தானே அனுப்பினாள். தன் பெயரில். பழைய திருத்தம் ஒன்றின் தவறைச் சரிசெய்வதாக இருந்தால், எந்தத் திருத்தத்தின் தவறு என்று கீழே ஒரு வரி எழுத வேண்டும் என்பது அங்கே விதி. அவள் விதியை மீறவில்லை. இன்ன தேதியில், இன்ன தலைப்பில் ஏறிய திருத்தத்தின் பிழையைச் சரிசெய்கிறது என்று எழுதினாள். அந்தப் பதிவிலிருந்து எவராலும், எந்தக் காலத்திலும், எதையும் அழிக்க முடியாது. ஸ்கந்தரின் வரி அவன் பெயரில் என்றைக்கும் இருக்கும். அதற்கு அடுத்து, அது பிழை என்ற வரி அவள் பெயரில் என்றைக்கும் இருக்கும்.

ஹென்னிங்கின் பதில் அன்றே வந்தது. 'கடைசியில் படிக்கத் தெரிந்த ஒருவர். ஏற்கப்பட்டது.' ரௌதாவுக்கு அந்த ஆளை முதல் தடவையாகக் கொஞ்சம் பிடித்தது.

மறுநாள் ஸ்கந்தர் அவள் மேசைக்கு எதிரே வந்து நின்றான். முகம் சிவந்திருந்தது.

"என்னை அசிங்கப்படுத்திட்டீங்க."

"நானா? எந்த வார்த்தைல?"

"அந்தக் கடைசி வரி. அதைப் போட்டே ஆகணுமா?"

"விதி. நீங்க படிச்சிருப்பீங்களே, ஸி ஸ்கந்தர்."

"என் பேரைத் தேடினா இனி அதுதான் வரும்."

"அதுக்கு முன்னாடி வந்ததும் உங்க பேர்தான். அது அசிங்கமா தெரியலையா?"

அவன் மேசைமேல் கையை ஊன்றினான். "நீங்க எல்லாரையும் புழு மாதிரி பாக்கறீங்க. அதான் உங்களுக்கு யாரும் எதுவும் கொடுக்கல. எனக்கு வேலை தெரியாம இருக்கலாம். உங்களுக்கு மனுஷங்களைத் தெரியாது."

ஷெட்லியின் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே சத்தமில்லை. ரௌதா பேனாவை எடுத்துத் தலைக்கவசத்துக்குள் போட்டாள். அவன் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அவன் வாயிலிருந்து வந்த முதல் உண்மை என்பதால் அதை உடனே அடையாளம் கண்டாள்.

"இருக்கலாம்," என்றாள். "புழுன்னு நான் நினைக்கல. புழு மண்ணைக் கிளறும். போய் வேலையைப் பாருங்க."

ஜூலையில் ஸ்கந்தர் வேலையை விட்டுவிட்டுப் பிரான்சில் உள்ள லியோனுக்குப் போனான். இங்கே இருந்ததைவிடப் பெரிய பதவி. அவனுடைய அறிமுகப் பக்கத்தில் 'கெர்னல் பங்களிப்பாளர்' என்று எழுதியிருப்பதைக் கணக்குப் பிரிவுப் பெண் காட்டினாள். ரௌதா படித்துவிட்டு, வாய்விட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அலுவலகம் கேட்ட முதல் சிரிப்பு அது. கேட்டவர்களுக்கு அவ்வளவு இனிமையாக இல்லை.

ஷெட்லி தொழில்நுட்பத் தலைவர் பதவியை அவளுக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது, "வாடிக்கையாளர் வந்தா மட்டும் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

"ரயிஸ் வந்தா நான் பேசறேன். மத்தவங்க வந்தா நீங்க பேசுங்க," என்றாள். அது இருவருக்கும் ஒத்துவந்தது.

இலையுதிர் காலத்தில் ஹென்னிங் அவளுக்குத் தனியாக எழுதினார். எனக்கு வயதாகிறது, அந்த ஸ்கிரிப்டுகள் இருக்கிற பகுதியை நீ பார்த்துக்கொள் என்றார். நான்கே வரி, அதில் ஒரு வரி இந்த வேலையை விரும்புகிறவர்கள் முட்டாள்கள் என்பது. அவள் ஒரு வரியில் ஒப்புக்கொண்டாள். அதிலிருந்து உலகத்தின் ஸ்கிரிப்டுத் திருத்தங்கள் எல்லாம் கிரெம்தா சாலைக்கு வர ஆரம்பித்தன. அவற்றில் முக்கால்வாசி குப்பை. அவள் ஒவ்வொன்றையும் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் அதன் தகுதிக்கேற்பப் பதில் போட்டாள். அந்தப் பதில்களைச் சிலர் சேகரித்து வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் படித்துக் காட்டிக்கொள்வதாகக் கேள்வி.

ஒரு விடுமுறை நாள் காலையில் மஹ்ரெஸ் எட்டிப் பார்த்தபோது அவள் நுவாக்‌ஷோட் நகரத்திலிருந்து ஷெய்க்னா என்று ஒருவன் அனுப்பிய திருத்தத்தைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். பத்து வரியில் எட்டு வரி இப்போது அவளுடையது. எழுதியவர் என்ற இடத்தில் ஷெய்க்னா என்றே விட்டிருந்தாள். எழுத்துக்கூட்டல் சரியா என்று அவன் கடிதத்தோடு வைத்து ஒருமுறை ஒப்பிட்டும் பார்த்தாள்.

"எல்லாம் நீ எழுதினதுதானே?" என்றான் மஹ்ரெஸ்.

"கண்டுபிடிச்சது அவன்."

"அடடா. மனசு இளகிடுச்சா?"

"உடைஞ்சா அவனைத்தான் கேப்பாங்க," என்று ரௌதா அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த குப்பையைத் திறந்தாள்.